கால் தரையில் படாத ஒன்றரை நாள்

ஒரு மனிதரை ஒன்றரை நாள் சைக்கிளை விட்டு இறங்கவிடாமல் வைத்திருந்தவள் நான். கத்தியைக் காட்டவில்லை, கட்டிப்போடவும் இல்லை. ஒரு பிட் நோட்டீஸை அவருக்குப் படித்துக் காட்டினேன், அவ்வளவுதான். அதில் இருந்ததை மட்டும் படித்திருந்தால் ஒரு பாவமும் இல்லை. இல்லாததையும் சேர்த்துப் படித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. இப்போது என் வயதுக்காரர்களான நீங்கள் எல்லாரும் ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் முழங்கால் தைலமுமாக உட்கார்ந்திருப்பீர்கள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். முழங்கால் வலி கண்டவர்களுக்கு அடுத்தவர் முழங்கால் மேல் கொஞ்சம் இரக்கம் இருக்கும்.

கள்ளக்குறிச்சியில் என் அப்பாவுக்கு, எங்கள் வீட்டு வழக்கில் அத்தாவுக்கு, வாடகை சைக்கிள் கடை. பன்னிரண்டு சைக்கிள்கள். ஒவ்வொன்றின் பின் மட்கார்டிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். சக்கரத்தின் நடுவே சிவப்பும் பச்சையுமாகச் சுற்றும் நூல் பூ நினைவிருக்கிறதா? அச்சைத் துடைப்பதற்காக வைத்தது என்பார்கள். அது எதையும் துடைத்து நான் பார்த்ததில்லை, அழகாகச் சுற்றிக்கொண்டு மட்டும் இருக்கும். கடை முழுக்கப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த வாசனையை ஆழமாக இழுத்து மூச்சுவிடுவேன். அது உடம்புக்குக் கெடுதல் என்று இப்போது சொல்கிறார்கள். இருக்கலாம். என் உடம்பில் கெட்டுப்போன சாமான்களின் பட்டியலில் எது எதனால் போனது என்று யார் பிரித்துப் பார்ப்பது?

கடையில் வேலை பார்த்தவர் ஒருவர்தான். எனக்கு அவர் பஞ்சர் அண்ணன். கரும்பு வெட்டப் போகிற குடும்பத்திலிருந்து வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் டியூபைத் தண்ணீரில் முக்காமலே ஓட்டையைக் கண்டுபிடிப்பார். காற்றடித்த டியூபைக் கன்னத்தோரம் மெல்ல நகர்த்திக்கொண்டே வருவார், ஓரிடத்தில் கண் சிமிட்டுவார். அங்கே ஓட்டை. சந்தேகப்பட்டவர்களுக்காக அத்தா பேசினில் முக்கிக் காட்டுவார். குமிழி சரியாக அங்கிருந்துதான் கிளம்பும்.

கடைக்கு வரும் கடிதம், நோட்டீஸ், மணியார்டர் ஃபாரம் எல்லாவற்றையும் படிக்கிற பதவி என்னுடையது. அத்தாவுக்குப் படிக்கத் தெரியும், பொறுமை கிடையாது. நான் படித்தால் ஏற்ற இறக்கம் இருக்கும். கடிதம் சப்பென்று இருந்தால் நானாக இரண்டு வரி சேர்ப்பேன். 'அனைவரும் நலம்' என்று மட்டும் ஒருவருக்கு வந்திருந்தது. 'கறவை மாடும் நலம், உங்களை அடிக்கடி விசாரிக்கிறது' என்று நான் சேர்த்ததில் அவர் கண் கலங்கிவிட்டார்.

"பாப்பா படிச்சா ரேடியோ கெட்டுது போ" என்பார் பஞ்சர் அண்ணன். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எதையும் செய்வேன்.

அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. அண்ணிக்கு எலவனாசூர்கோட்டை. ஆடி மாதம் வழக்கப்படி பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆடி முடிந்து ஆவணியில் அண்ணன் அழைத்துவரப் போனார், எங்கள் கடையின் ஏழாம் நம்பர் சைக்கிளில். அந்த ஊர்ப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து, "ஏழாம் நம்பர் மாப்ள! ஏழாம் நம்பர் மாப்ள!" என்று கத்தியிருக்கிறார்கள். மாமனார் கூலிக்குக் களை வெட்டுகிறவர்தான், ஆனால் மானத்தில் மிராசுதார்.

"ஊரு சைக்கிளயெல்லாம் நோண்டற. உனக்குன்னு ஒரு பெல்லு கூட இல்ல. சொந்தமா ஒரு சைக்கிள்ல வந்து என் பொண்ண ஒக்கார வெச்சுக் கூட்டிக்கினு போ. அதுவரைக்கும் இங்கியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஆவணி போய், புரட்டாசி போய், கார்த்திகையும் போய்விட்டது. அண்ணன் மதியச் சோற்றைத் தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் சொல்தா எங்கள் கடைக்கு பிரேக் கட்டை மாற்ற வந்தார். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். புதுச்சேரிப் பக்கத்து மனிதர், பிரான்சு சர்க்காரின் பென்ஷன் வாங்கிக்கொண்டு மனைவியின் ஊரான கள்ளக்குறிச்சியில் குடியிருந்தார். காக்கி அரை டிராயர், தொப்பி. வெயிலில்லாத நாளிலும் தொப்பி. பிரேக் கட்டை போட்டு முடிப்பதற்குள் அவர் அத்தாவுக்குச் சொன்ன கதைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"அங்க ஒரு பேப்பர்காரன் பாய். பேப்பரு விக்கல. எதிர்ப் பேப்பரு நல்லா ஓடுது. இன்னா பண்றதுன்னு மண்டைய ஒடச்சுக்கினு இருக்கறப்ப ஆபீஸ்ல வேல பாக்கற பையன் ஒருத்தன் சொன்னான், நாட்டயே சுத்தி வர்றாப்ல ஒரு சைக்கிள் ரேசு வுடலாம்னு. வுட்டாங்க. ஒரு நாளு ரேசு இல்ல, பல நாளு. இந்த ஊருலருந்து அந்த ஊரு, தூங்கி எழுந்து அங்கருந்து அடுத்த ஊரு. எல்லா நாளு நேரத்தயும் கூட்டி எவனுக்குக் கம்மியோ அவன் ஜெயிச்சான். பேப்பரு பிச்சுக்கினு போச்சு."

"அப்ப சைக்கிளு?" என்றார் அத்தா.

"சைக்கிளுந்தான்."

அத்தா அன்று சாப்பாட்டில் கைவைத்துவிட்டுப் பிசையாமலே உட்கார்ந்திருந்ததாக அம்மா பிறகு சொல்வார்.

சொல்தா அடுத்தடுத்த நாட்களிலும் வந்தார். இரண்டாம் வருஷ ரேசிலேயே சிலர் நடுவில் ரயிலேறிப் போய் மாட்டிக்கொண்டது, தன் ஊர்க்காரன் ஜெயிக்க வேண்டும் என்று ஜனங்கள் வழியில் ஆணி போட்டது, எதிராளியை மறித்து அடித்தது, முன்னால் இருப்பவனைக் கூட்டம் அடையாளம் காண மஞ்சள் சட்டை போட்டது எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர்போலச் சொன்னார். பிற்பாடு நான் புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. நேரில் பார்த்தது மட்டும் பொய். அவை நடந்தபோது அவர் பிறக்கவே இல்லை. இல்லாததைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் கள்ளக்குறிச்சியில் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று அறிந்ததில் எனக்கு ஓர் ஆறுதல்.

தை மாதத்தில் மூன்று நாள் பந்தயம் என்று முடிவாயிற்று. முதல் நாள் கள்ளக்குறிச்சியிலிருந்து எலவனாசூர்கோட்டை. இரண்டாம் நாள் அங்கிருந்து சங்கராபுரம். மூன்றாம் நாள் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலை. மலை இல்லாமல் இப்படியொரு ரேசே கிடையாது என்று சொல்தா ஒற்றைக்காலில் நின்றார். மலைச் சாலை அப்போதுதான் பாதி தாரும் பாதி ஜல்லியுமாகக் கிடந்தது.

அங்கே சைக்கிள் கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து ஓட்டுவார்களாம். இங்கே சோடா கம்பெனி, பீடிக்கடை, அரிசி மண்டி என்று கடைக்கு ஒருவராக ஏழு பேர். தினப் பேட்டா உண்டு, பனியனில் கடை பெயர் உண்டு. எங்கள் கடைக்குப் பஞ்சர் அண்ணன், ஏழாம் நம்பர் சைக்கிள். பரிசு, ஒரு புதுச் சைக்கிள். பாருக்குச் சுற்றிய காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் கடையின் நடுவே அதை நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் அதைத் துடைக்கும்போது காகிதத்துக்கு வலிக்காமல் துடைப்பார்.

இனி நோட்டீஸ். அதற்கு முந்தைய மாதம் எங்கள் ஊர் மைதானத்தில் ஒருவர் ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் சுற்றினார். இது உங்கள் ஊருக்கும் வந்திருக்கும். டியூப்லைட் தோரணம், ஒலிபெருக்கி, ராத்திரியானால் ரெக்கார்டு டான்ஸ். சைக்கிளிலேயே பல் விளக்கி, குளித்து, முகம் மழித்து, சாப்பிட்டார். மற்ற சமாசாரத்துக்கு நான்கு பேர் வேட்டியைத் திரைபோலப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். பல நாள் சைக்கிள் ஓட்டுவது என்றால் எங்களுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். பிரான்சு எங்களுக்குத் தெரியாது.

அண்ணன் நோட்டீஸை என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். ஊர்கள், நாட்கள், பரிசு, 'பொதுமக்கள் திரளாக வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்'.

"நடுவுல எறங்கலாமா பாப்பா? அதப் பத்தி இன்னா போட்டுருக்கு?"

ஒன்றும் போட்டிருக்கவில்லை. போடவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ரேடியோ 'எனக்குத் தெரியாது' என்று சொல்லுமா? காகிதத்தின் கீழ் ஓரத்தில், அச்சகத்தின் விலாசம் இருந்த இடத்தில் விரலை வைத்து, ஏற்ற இறக்கத்தோடு படித்தேன்: "போட்டியாளர்கள் மூன்று நாளும் சைக்கிளை விட்டு இறங்கக் கூடாது. கால் தரையில் பட்டால் அவுட்டு."

அண்ணன் தலையை ஆட்டினார். "நெனச்சேன்" என்றார்.

முதல் நாள் காலை கடை வாசலிலிருந்து ஏழு பேரும் கிளம்பினார்கள். பின்னால் ஊர் ரைஸ் மில்காரர் இரவல் கொடுத்த வேனில் சொல்தா, அத்தா, நான். எங்கள் வீட்டு அலாரம் கடிகாரத்தைச் சொல்தா மடியில் வைத்திருந்தார். என் மடியில் மஞ்சள் பனியன். பிரான்சில் அந்தச் சட்டைக்கு எதில் சாயம் போட்டார்களோ தெரியாது, இதற்கு அம்மா விரலி மஞ்சளை அரைத்துப் போட்டிருந்தார்.

எலவனாசூர்கோட்டையில் கோயில் தெருவில் சுண்ணாம்புக் கோடு. சோடா கம்பெனிக்காரர் முதலில் வந்தார். பெட்டி பெட்டியாகச் சோடா ஏற்றி மிதித்துப் பழகிய கால். இரண்டு நிமிடம் கழித்து அண்ணன். மற்றவர்கள் கோட்டைத் தாண்டியதும் சைக்கிளைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் விழுந்தார்கள். அண்ணன் மட்டும் கோட்டைத் தாண்டிப் போய், தெருமுனை திரும்பி, கோயிலைச் சுற்றி மறுபடி வந்தார்.

"டேய், கோடு தாண்டியாச்சு! எறங்குடா!" என்று கத்தினார் சொல்தா.

"பரவால்ல சார்" என்று சிரித்துக்கொண்டே போனார் அண்ணன்.

அடுத்த சுற்றில் வேனை உரசிக்கொண்டு வந்தவர் என் பக்கம் குனிந்தார். "பாத்தியா பாப்பா, ஆறு பேரும் அவுட்டு. வாயத் தொறக்காத. தெரிஞ்சா ஏறிக்குவானுங்க."

நான் வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே சொல்தா சோடாக்காரருக்கு மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டிருந்தார். "இன்னாங்க இது, எனக்கு மஞ்ச நீராட்டு விழாவா?" என்று சோடாக்காரர் நெளிய, மரத்தடியே சிரித்தது. அவுட் ஆனவருக்குப் பனியன் போடமாட்டார்கள் என்பது பத்து வயதுக்குப் புரியும். புரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அண்ணன் இறங்கிவிடுவார், நானும் ரேடியோ பதவியிலிருந்து இறங்கிவிடுவேன்.

அண்ணியின் வீடு அந்தச் சுற்றுப் பாதையில்தான் இருந்தது. அண்ணி வாசலில் வந்து நின்றார். ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியம் என்று அவர்கள் பேசிக்கொண்டதைப் போல ஒரு பேச்சை நான் அப்புறம் கேட்டதே இல்லை.

"நல்லாக்கீறியா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் போய்விடுவார்.

கோயிலைச் சுற்றி வருவதற்குள் அண்ணி பதிலைத் தயார் செய்து வைத்திருப்பார். "இருக்கேன்."

அடுத்த சுற்று: "எளச்சுட்ட."

அதற்கடுத்த சுற்று: "நீ சொல்றியா? கண்ணாடியில உன் மூஞ்சப் பாரு."

இரண்டு சுற்றுக்கு வாசலில் ஆளைக் காணவில்லை. பிறகு அண்ணி தட்டில் சோற்றோடு தெருவில் இறங்கினார். சைக்கிளோடு கூடவே நடந்து உருண்டை உருண்டையாக அவர் கையில் வைத்தார். அண்ணன் ஒரு கையால் ஹாண்டில் பாரைப் பிடித்து, நடையின் வேகத்துக்கு மிதித்துக்கொண்டு சாப்பிட்டார். ஆறு மாதத்துக்கு அப்புறம் அன்றுதான் அவர் தனியாகச் சாப்பிடவில்லை.

இதற்கிடையில் மாமனார் ஒரு காரியம் செய்திருந்தார். மருமகன் வருகிறார் என்று வளர்த்த கோழியை அடித்துக் குழம்பு வைக்கச் சொல்லி, துண்டை மாற்றிக்கொண்டு வாசற்படியில் நின்றார். "வாப்பா உள்ள" என்றார். அண்ணன், "அப்பறம் மாமா" என்று கடந்து போனார். அடுத்த சுற்றில் மறுபடி, "வாப்பா, ஆறிடப் போவுது." மறுபடி, "அப்பறம் மாமா." ஐந்தாவது தடவை மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என் வாசப்படிய மெதிக்கக் கூடாதுன்னு சபதம் போட்டுக்கினுதான் சுத்தறான். சைக்கிளு கேட்டேன்ல, அதுக்கு பதிலு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கோழிக் குழம்பைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் சோடாக்காரர் முன்னால் வைத்துவிட்டார்.

அண்ணன் ஏதோ குடித்திருக்கிறார் என்பது சொல்தாவின் முடிவு. அத்தாவோ நம் கடைக்கு விளம்பரம் என்று மகிழ்ந்துபோனார். பெரியவர்கள் மூன்று பேர், மூன்று காரணம். உண்மையான காரணம் வேனின் பின்சீட்டில் போர்வைக்குள் இருந்தது. அது தூங்கியும்விட்டது. காலையில் கண்விழித்தபோது அண்ணன் சைக்கிளில் உட்கார்ந்தபடியே கோயில் மதிலில் சாய்ந்து கண்மூடியிருந்தார். கால் இரண்டும் பெடலில்.

இரண்டாம் நாள் அவர் ஒரு மணி நேரம் பிந்தினார். மிதித்துக்கொண்டே தூங்கி, அறுவடையான வயலில் இறங்கி விழுந்திருக்கிறார். நாங்கள் வேனில் திரும்பித் தேடிப் போய்ப் பார்த்தபோது வரப்பில் மல்லாந்து கிடந்தார், இரண்டு கால்களையும் வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அத்தாவும் சொல்தாவும் ஓடி வருவதற்குள் முதலில் போனவள் நான்.

"முதுகு பட்டா அவுட்டா பாப்பா? நோட்டீஸ்ல காலுன்னுதான போட்டுருந்துச்சு?"

"காலுதாண்ணே" என்றேன்.

இரண்டாவது பொய். முதல் பொய்யைப் பெருமைக்காகச் சொன்னேன். இதை எதற்காகச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்தக் கால்களை அவர் அவ்வளவு நம்பிக்கையோடு தூக்கிப் பிடித்திருந்தார். டிரைவர் அவரைச் சைக்கிளோடு சேர்த்து நிமிர்த்தினார். அவர் சங்கராபுரம் நோக்கி மிதித்தார்.

சங்கராபுரத்துக்குச் செய்தி பஸ் கண்டக்டர் மூலம் முன்பே போய்விட்டிருந்தது: ஏழு பேரில் ஒருத்தன்தான் எறங்காம வர்றான், மத்தவனெல்லாம் ஏமாத்து. பள்ளிக்கூட மைதானத்தில் ஜனம். முதலில் வந்த சோடாக்காரர் இறங்கிய மாத்திரத்தில், "எறங்கிட்டான், எறங்கிட்டான்" என்று ஊளை. ஒரு மணி நேரம் கழித்துத் தள்ளாடி வந்த அண்ணனுக்கு மாலை. அவர் மைதானத்தைச் சுற்றத் தொடங்கினார். கைதட்டல் அடங்கவில்லை. "மொத்த நேரம்யா! மொத்த நேரம் பாக்கணும்!" என்று சொல்தா கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து மாமனார் இறங்கினார். பின்னால் அண்ணி.

மாமனார் மைதானத்தின் நடுவில் போய் நின்றார். அண்ணன் அவரைச் சுற்றி வந்தார்.

"எறங்கி வந்து ஒரு வார்த்த பேசு. என் மேல கோவமா, இல்லியா?"

"நாளைக்கு சாயங்காலம் சொல்றேன் மாமா."

"இன்னா நாளைக்கு? மத்த ஆறு பேரும் எறங்கி டீ குடிக்கறானுங்க. உனக்கு மட்டும் இன்னா?"

அண்ணன் பக்கத்தில் நின்ற சோடாக்காரரைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். ரகசியத்தைச் சொன்னால் போட்டி போய்விடும். போட்டி போனால் சைக்கிள் போய்விடும். சைக்கிள் போனால் அண்ணி. அவர் மனதில் ஓடியது எனக்கு அச்சடித்த நோட்டீஸ்போலத் தெரிந்தது. மாமனாருக்குத் தெரிந்தது மூடிய வாய் மட்டும்.

"சரி. மாமனார் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சபதம் போட்டவன் வூட்டுக்கு என் பொண்ணு எதுக்கு? சைக்கிளு வாங்கனாலும் வர வேணாம். வாம்மா போவலாம்." அண்ணியின் கையைப் பிடித்து நடந்தார். அண்ணி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அண்ணன் அவர்கள் பக்கமாகச் சைக்கிளைத் திருப்பினார். "மாமா, மாமா" என்றார், ஆனால் இறங்கவில்லை.

பஸ் புறப்பட ஹாரன் அடித்தது.

நான் ஓடினேன். மாமனாரின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "சபதம் இல்ல தாத்தா! நான்தான் எறங்கக் கூடாதுன்னு சொன்னேன்! நோட்டீஸ்ல அப்படி இல்லவே இல்ல! நானா படிச்சேன்!"

மைதானத்தில் அத்தனை பேர் இருந்தும் ஏழாம் நம்பரின் செயின் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அண்ணன் ஒரு காலைத் தரையில் ஊன்றினார். மறு காலை ஊன்றப் பார்த்தார், முழங்கால் மடங்கவில்லை, சாய்ந்தார். தாங்கிப் பிடித்தது மாமனார்.

அத்தா என்னை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "அடிக்காதீங்க மொதலாளி" என்றார் அண்ணன். அப்புறம் என்னைப் பார்த்தார். முகத்தில் புதுச் சைக்கிள் போய்விட்டது தெரிந்தது. "பரவால்ல பாப்பா. எழுத்து பொடிசா இருந்துருக்கும்" என்றார்.

அந்த அடியை அத்தாவே அடித்திருக்கலாம்.

அத்தா சொல்தாவிடம் கேட்டுப் பார்த்தார். "சின்னப் புள்ள பண்ணது. தூங்காம கெட்டுப்போன அந்த ஒரு மணி நேரத்தக் கழிச்சுடுங்களேன்."

சொல்தா தொப்பியைக் கழற்றினார். "பாய், அங்க ஒருத்தனுக்கு மலையில சைக்கிளு ஃபோர்க்கு ஒடஞ்சுபோச்சு. யாரும் ஒதவக் கூடாதுன்னு ரூலு. கொல்லன் பட்டறைக்குத் தோள்ல சொமந்துக்கினு போயி, தானே காய்ச்சி, தானே அடிச்சு ஒட்டவெச்சான். ஆனா துருத்திய ஒரு சின்னப் பையன் ஊதனான். அதுக்கு அவன் நேரத்துல ஃபைன் போட்டாங்க. ரூலுன்னா ரூலு." சொல்லிவிட்டுத் தொப்பியைப் போடாமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

பள்ளி வராந்தாவில் அண்ணன் கட்டையாகத் தூங்கினார். அவர் காலை மாமனார் பிடித்துவிட்டார். மருமகன் காலை மாமனார் தொடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "காலா இது? மரக்கட்ட. மரக்கட்டயத் தொட்டா இன்னா?" என்றார்.

இறங்கா வீரரைப் பார்க்க வந்த சங்கராபுரத்து ஜனத்துக்கோ பெரிய ஏமாற்றம். அவிழ்த்து வைத்த மாலையைச் சோடாக்காரர் பார்த்தார். ஜனத்தைப் பார்த்தார். சைக்கிளில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றினார். கைதட்டல்! பீடிக்கடைக்காரர் தன் ஆளையும் சைக்கிளில் ஏற்றிவிட்டார், அரிசி மண்டியும் விடவில்லை. பொழுது விடியும்வரை ஆறு பேரும் மைதானத்தைச் சுற்றியதாக மறுநாள் டிரைவர் சொன்னார். இறங்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்ட ஒரே ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மலையில் அதன் விளைவு தெரிந்தது. ஆறு பேரும் கொட்டாவியில் மலையேறினார்கள். அண்ணன் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே அவர்களைத் தாண்டினார். வேனில் கேட்காமலே ஏறிக்கொண்ட மாமனாரும் அண்ணியும் எங்களோடு இருந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணி தலையை வெளியே நீட்டி, "எறங்கித் தள்ளு, எறங்கித் தள்ளு" என்று கத்தினார். ஜல்லியின் சூடும் காட்டு மஞ்சள் வாசனையும் வேனுக்குள் வந்தன. யார் தோற்றாலும் ஜெயித்தாலும் சரி, இந்தச் சாலை முடியக் கூடாது என்று எனக்கு இருந்தது.

வெள்ளிமலையில் முதல் ஆளாக அண்ணன். அங்கே கைதட்டக் கூட்டம் இல்லை. சாமை மூட்டையோடு ஜீப்புக்குக் காத்திருந்த நாலைந்து பேர்தான். அவர்களில் ஒருவர் அத்தாவிடம் விசாரித்தார்.

"கீழ எதாச்சும் கலாட்டாவா? இப்படி ஓடியாறாங்க?"

"ரேசுங்க."

"எங்க போறதுக்கு?"

"இங்க வர்றதுக்குத்தான்."

அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

சோடாக்காரர் வெகுநேரம் கழித்து வந்தார். சொல்தா அலாரம் கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டுப் புத்தகத்தில் மூன்று நாளையும் கூட்டினார், அழித்துவிட்டு மறுபடி கூட்டினார். மூன்றாம் முறை கூட்டியபோது அவர் அண்ணனுக்காகக் கூட்டுகிறார் என்று தெரிந்தது. மொத்தத்தில் சோடாக்காரருக்குப் பதினோரு நிமிடம் குறைவு. புதுச் சைக்கிள் அவருக்கு.

அண்ணன் ஏழாம் நம்பரின் சீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

மாமனாருக்கு மொத்த நேரம் புரியவில்லை. "மொதல்ல வந்தது இவன். ஜெயிச்சது அவனா? ஒங்க பட்டாளத்துல இப்படித்தான் கணக்கா?" என்று சொல்தாவை இரண்டு முறை கேட்டார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"ஏறு."

"எதுலப்பா?"

"உன் புருசன் எதுல வந்தானோ அதுல. ஒரு சின்னப் புள்ள சொன்ன பேச்சுக்கே ஒன்னர நாளு கால தூக்கிக்கினு இருந்தவன், நீ சொன்னா கேக்கவா மாட்டான்? சைக்கிளு வர்றப்ப வரட்டும்."

அத்தா தொண்டையைச் செருமினார். "அது வாடக சைக்கிளுங்களே..."

"இருக்கட்டும் பாய். கீழ எறங்கற வரைக்கும் அது என் மருமவன்து."

அண்ணி கேரியரில் ஏறி ஒருக்களித்து உட்கார்ந்தார். ஒரு கை சீட்டுக்கு அடியில் கம்பியைப் பிடித்தது. கொஞ்சம் யோசித்து, அண்ணனின் பனியனுக்கு மாறியது. அவர்கள் மலையிறங்கினார்கள். முதல் திருப்பத்தில் மறைந்து, இரண்டாவதில் சின்னதாகத் தெரிந்து, மூன்றாவதில் பெல் சத்தமாக மட்டும் இருந்தார்கள். நாங்கள் வேனில் ஏறினோம். சொல்தா அலாரம் கடிகாரத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அந்த இறக்கத்தை நான் பல இரவுகள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். காற்று, காடு, கேரியரில் பெண். இதைவிட அழகான பயணம் உலகத்தில் இருக்க முடியாது என்று முடிவு கட்டியிருந்தேன். ஒரு வாரம் கழித்து அண்ணி மதியச் சோறு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. தூணில் சாய்ந்து நின்றார். நான் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்: "அண்ணி, மலையிலருந்து எறங்குனப்ப எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருந்துச்சா? மல பூரா ஜல்லி. அந்தக் கேரியர்ல ஒரு சாக்க மடிச்சுக் கட்டணும்னு அந்த மனுசனுக்குத் தோணல பாரு. ஒரு வாரமா நின்னுக்கினுதான் சோறு திங்கறேன்" என்றார் அண்ணி.